கிட்டார் கம்பி: எந்த உறைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கிட்டார் கம்பி வாங்குவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். சின்னப் பொருள்தான். ஆனால் வாசிக்கிறவர்கள் வருடத்துக்குப் பலமுறை வாங்க வேண்டியிருக்கிறது. உறையைப் பிரித்துப் பூட்டிவிட்டால் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் வாங்கும் முன்பே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கடையில் பத்துப் பதினைந்து பெயர்களில் ஸ்ட்ரிங் செட் தொங்குகிறது. ‘எல்லாம் ஒரே ஃபாக்டரி சரக்குதான், மேல் கவர்தான் வேற வேற’ என்கிறார் என் நண்பர். அப்படியானால் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. பெயர்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை ஆலைகள் இல்லை என்பது உண்மை. அதனால் உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றே என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பதற்கு எர்னி பால் நல்ல உதாரணம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்தவர் அவர். அந்தக் காலத்து எலெக்ட்ரிக் கிட்டார் செட்டில் மூன்றாவது கம்பி தடிமனான சுற்றுக் கம்பி, அதாவது உட்கம்பியின் மேல் இன்னொரு கம்பி சுற்றியது. புதிதாகக் கற்க வருகிற பிள்ளைகளால் அதை அழுத்தவும் முடியவில்லை, வளைக்கவும் முடியவில்லை. மெல்லிய செட் வேண்டும் என்று பெரிய நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. அதனால் கம்பி செய்யும் வேறோர் ஆலையில் சொல்லிச் செய்து வாங்கி, 1962 வாக்கில் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கினார். ஒரு கடைக்காரரின் சொந்த லேபிளாகத் தொடங்கிய பெயர் அது. இன்று அந்த நிறுவனத்துக்குக் கலிஃபோர்னியாவின் கோச்செல்லாவில் சொந்த ஆலை இருக்கிறது.

மார்ட்டின் கிட்டார் நிறுவனத்தின் கதையும் இதே மாதிரிதான். டாடாரியோ குடும்பத்தார் நடத்திவந்த ‘டார்கோ’ என்ற கம்பி நிறுவனம் 1970 வாக்கில் மார்ட்டினோடு சேர்ந்தது. குடும்பத்தார் பிறகு பிரிந்து வந்து 1974-இல் தங்கள் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்கள். இன்று மார்ட்டின் கம்பிகள் மெக்சிகோவின் நவோஹோவா ஆலையிலும், டாடாரியோ கம்பிகள் நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள ஃபார்மிங்டேல் ஆலையிலும் தயாராகின்றன. கடையில் எதிரெதிரே தொங்கும் இரண்டு உறைகளுக்கும் பழைய உறவு உண்டு. இதை இன்னும் பின்னால் கொண்டுபோனால் இத்தாலியில் சால்லே என்ற மலைக் கிராமத்தில் போய் நிற்கும். ஆட்டுக்குடலைக் கழுவி, முறுக்கி, காயவைத்து நரம்பு செய்த ஊர் அது. டாடாரியோ குடும்பம் அங்கிருந்து வந்தது. ‘லா பெல்லா’ என்ற பெயரில் கம்பி செய்யும் மாரி குடும்பத்துக்கும் அதுவே பூர்வீகம்.

சரி, உள்ளே இருக்கும் கம்பி எங்கிருந்து வருகிறது? எல்லாக் கம்பிக்கும் அடிப்படை ஒன்றுதான்: கரிமம் அதிகம் சேர்ந்த உருக்கு. தடித்த கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்குகிறார்கள். இழுக்க இழுக்க உறுதி கூடும். நடுவில் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் ஒடிந்துவிடும். துருப்பிடிக்காமலிருக்க மேலே ஈயம் பூசிய பாத்திரத்தைப் போல மெல்லிய வெள்ளீயப் பூச்சு ஏற்றுகிறார்கள். இந்தத் தரத்தில் கம்பி இழுக்கும் ஆலைகள் உலகத்திலேயே குறைவு. ஜெர்மனியின் ரோஸ்லாவ் ஊர்க் கம்பி பியானோவுக்கும் போகிறது, சிதாருக்கும் போகிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மேப்ஸ் நிறுவனம் பியானோ கம்பி, கிட்டார் கம்பி இரண்டும் செய்கிறது. டாடாரியோ மாதிரி ஒருசில நிறுவனங்கள் உருக்குக் கம்பியைத் தாங்களே இழுத்துக்கொள்கின்றன. மற்றவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆகவே மெல்லிய முதல் இரண்டு கம்பிகளைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது கிட்டத்தட்ட சரி. அவை வெறும் உருக்கு; முனையில் ஒரு பித்தளைக் குண்டு, அவ்வளவுதான். மின்சாரமில்லாமல் ஒலிக்கும் அகூஸ்டிக் கிட்டார் செட்டிலும் எலெக்ட்ரிக் செட்டிலும் இந்த இரண்டும் ஒரே வகைக் கம்பிதான்.

வித்தியாசம் தொடங்குவது சுற்றுக் கம்பிகளில். பெரும்பாலும் அறுகோண வடிவத்தில் இருக்கும் உட்கம்பியின் ஒரு முனையில் குண்டைக் கோத்து இயந்திரத்தின் கொக்கியில் மாட்டுவார்கள். மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரு முனைகளையும் ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டும். கொஞ்சம் முன்பின்னானாலும் உட்கம்பி முறுக்கிக்கொள்ளும். சுழலும்போதே மேற்கம்பியை ஒரே இழுவிசையில் விட்டுக்கொண்டு போனால் சுற்று சுற்றாக நெருக்கமாக ஏறி, அறுகோணத்தின் முனைகளைக் கவ்விக்கொள்ளும். இழுவிசை தளர்ந்த இடத்தில் சுற்று நகரும். அங்கே கம்பி ‘கிர்ர்’ என்று இரையும், அல்லது உயிரில்லாமல் தொப்பென்று ஒலிக்கும். கம்பியின் எடை நெடுகிலும் சீராக இல்லாவிட்டால் திறந்த கம்பியில் சுருதி சரியாக நிற்கும். கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாம் கட்டையில், அதாவது ஃப்ரெட்டில், அழுத்தினால் தப்பும். மலிவு செட்டில் காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான். உருக்கில் அவ்வளவாகப் பிடிக்க முடியாது.

என் யோசனை இது. எர்னி பால், டாடாரியோ, மார்ட்டின், ஜிஎச்எஸ், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் போன்ற சொந்த ஆலை உள்ள நிறுவனங்களின் பூச்சில்லாத சாதாரண செட்டுகளில் எதை வாங்கினாலும் ஏமாற மாட்டீர்கள். அவற்றுக்குள் ஐம்பது, நூறு ரூபாய் வித்தியாசம் வந்தால் குறைவானதை எடுங்கள். ஆனால் யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது என்பதே உறையில் இல்லாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: உறையில் 10-46, 12-53, ‘80/20’, ‘பாஸ்பர் பிரான்ஸ்’, ‘நிக்கல்’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. எது எதற்கு?
– புதிதாகக் கற்றுக்கொள்ளும் வாசகி, திருநெல்வேலி

எண் என்பது கம்பியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 10 என்றால் முதல் கம்பி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். 46 என்பது ஆறாவது கம்பி. கடையில் ‘டென் செட்’, ‘ட்வெல்வ் செட்’ என்று முதல் கம்பியை வைத்தே கேட்பார்கள். நீங்களும் அப்படியே கேட்கலாம்.

உலோகத்தின் பெயர் சுற்றுக் கம்பியின் மேற்சுற்றைக் குறிக்கிறது. 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். உறையில் பிரான்ஸ் என்று போட்டிருந்தாலும் சேர்மானத்தில் பித்தளைதான். புதிதில் கணீரென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரமும் சேர்ந்தது. டாடாரியோ 1974-இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. ஒலி கொஞ்சம் கனமாக இருக்கும், கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். இரண்டும் அகூஸ்டிக் கிட்டாருக்கானவை.

நிக்கல் பூசிய உருக்குச் சுற்று எலெக்ட்ரிக் கிட்டாருக்கு. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப் என்பது காந்தம். மேற்சுற்றிலும் இரும்பு இருந்தால்தான் அது முழுக்க உணரும். எலெக்ட்ரிக்கில் பிரான்ஸ் செட் போட்டால் ஒன்றும் கெடாது. ஆனால் மெல்லிய இரண்டு கம்பிகள் உரக்கவும், தடித்த நான்கும் அமுங்கியும் கேட்கும். ‘ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்’ என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் எந்தக் கம்பி பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

புதிதாகக் கற்பவர் என்பதால் சொல்கிறேன். அகூஸ்டிக்கில் 10 அல்லது 11 செட்டில் தொடங்குங்கள். விரல் வலிக்குப் பயந்து கிட்டாரை மூலையில் வைத்தவர்கள் நிறையப் பேர். அதில் பாதி வலி கம்பியின் தடிமனால் வருவது.

கேள்வி: மகளுக்கு வாங்கிய கிட்டாரில் நைலான் கம்பி இருக்கிறது. சத்தம் போதவில்லை என்கிறாள். கடைக்காரர் ஸ்டீல் கம்பி மாற்றித் தருவதாகச் சொல்கிறார். மாற்றலாமா?
– அரசு ஊழியர், மதுரை

மாற்றாதீர்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கேட்காதீர்கள்.

நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. 12-53 உருக்கு செட்டைச் சுருதிக்கு ஏற்றினால் அது 70 கிலோவைத் தாண்டும். மேல்பலகையை மெலிதாகச் செதுக்கி, உள்ளே மெல்லிய சட்டங்கள் வைத்து ஒட்டியிருப்பது 40 கிலோவைத் தாங்கத்தான். கழுத்துக்குள் இரும்புக் கம்பி பெரும்பாலானவற்றில் இருக்காது. முதல் வாரம் சத்தம் கேட்க அருமையாக இருக்கும். பிறகு கம்பிகளைப் பலகையோடு பிடித்து நிறுத்தும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேடாக எழும்பும், கழுத்து முன்பக்கம் வளையும், கம்பி ஃப்ரெட்டிலிருந்து விலகி அழுத்தவே முடியாமல் போகும். ஒருநாள் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும். இந்த மாதிரி வந்த கிட்டாரைச் சரி செய்யும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். உற்பத்திக் குறை என்று உத்தரவாதமும் கேட்க முடியாது.

உங்களுடையது எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தலைப்பகுதியில் இரண்டு நீளத் துளைகளும், கம்பி சுற்ற அகலமான வெள்ளை உருளைகளும், பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் துளைகளும் இருந்தால் அது நைலானுக்கானது. பிரிட்ஜில் ஆறு முளைகள் குத்தியிருந்தால் உருக்குக்கானது.

சத்தம் வேண்டுமென்றால் நைலானிலேயே வழி இருக்கிறது. உறையில் ‘ஹார்ட் டென்ஷன்’ என்று போட்டிருப்பது கொஞ்சம் உரக்கப் பேசும். ‘கார்பன்’ என்று விற்கும் ஃப்ளூரோகார்பன் கம்பி அதே சுருதிக்கு மெலிதாக இருக்கும், ஒலி பளிச்சென்று வரும். முடிச்சுப் போடத் தெரியவில்லை என்றால் முனையில் குண்டு வைத்த நைலான் செட்டும் கிடைக்கிறது.

இன்னொன்று. நைலான் புதிதில் நாலைந்து நாள் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் வைத்த சுருதி மாலையில் இறங்கியிருக்கும். ‘டூப்ளிகேட் கம்பி கொடுத்துவிட்டார்கள்’ என்று இதற்காகக் கடையில் சண்டை போட வேண்டாம். பொருளின் குணமே அது. இந்தக் கிட்டாருக்கும் முன்பு ஆட்டுக்குடல் நரம்புதான் பூட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அறுவை சிகிச்சைத் தையலுக்கே நரம்பு போய்விட, இசைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழையை எடுத்துக் கிட்டாருக்குப் பழக்கினார். ஸ்பெயினின் பெரிய கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று வாசித்த பிறகு உலகமே மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை செய்முறை பெரிதாக மாறவில்லை. முதல் மூன்று கம்பிகள் ஒற்றை நைலான் இழை. மற்ற மூன்றும் நைலான் நூல் கற்றையின் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி சுற்றியவை.

கேள்வி: கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் சாதாரண செட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– தூத்துக்குடி வாசகர்

உங்கள் ஊர்க்காரருக்குக் கொடுக்கலாம் என்பேன். கடல் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் சுற்றுக் கம்பி இரண்டே வாரத்தில் கறுத்துவிடும்.

கம்பி ‘செத்துப்போவது’ எப்படி என்று பார்த்தால் இது புரியும். சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வியர்வை, எண்ணெய், தோல் துகள் எல்லாம் சேர்கின்றன. எடை கூடி, அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். 1997-இல் வந்த எலிக்ஸர் கம்பி இதைத்தான் தடுத்தது. அதைச் செய்வது மழைச் சட்டைத் துணிக்குப் பேர்போன அமெரிக்காவின் கோர் நிறுவனம். துணிக்குப் பயன்படுத்திய அதே வகை மெல்லிய படலத்தைக் கம்பிக்குப் போர்த்தினார்கள். இடுக்கு மூடிக்கொண்டது, அழுக்கு உள்ளே போகவில்லை. இன்று மற்ற நிறுவனங்களும் தங்கள் முறையில் பூச்சு ஏற்றுகின்றன. டாடாரியோவில் எக்ஸ்எஸ், எக்ஸ்டி வரிசைகள் அப்படிப்பட்டவை.

ஆனால் ஒன்று. பூச்சு கம்பி மங்குவதைத் தள்ளிப்போடும், அறுவதைத் தடுக்காது. உங்களுக்கு எப்போதும் முதல் கம்பி அறுந்துதான் செட் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் கூடுதல் காசு வீண். வாசிப்பது வாரத்துக்கு ஒருநாள், மற்ற நாள் உறையில் வைத்து மூடிவைப்பீர்கள் என்றால் அப்போது பூச்சுக்குப் பலன் அதிகம். தினமும் ஐந்து மணி நேரம் வாசிப்பவர்களுக்குப் கம்பியை மீட்டும் பிக் படும் இடத்தில் பூச்சு உரிந்து நார் நாராகத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், பூச்சுதான் உரிகிறது, கம்பி பிரியவில்லை. தடவும்போது கொஞ்சம் வழுக்கும். சிலருக்கு அந்தத் தொடுகை பிடிக்கவே பிடிக்காது. முதலில் ஒரே ஒரு செட் வாங்கிப் பாருங்கள், மொத்தமாக வாங்காதீர்கள்.

எந்தக் கம்பியானாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்துவிடுங்கள். இதற்குக் காசே கிடையாது. பாதி ஆயுள் கூடும்.

கேள்வி: பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிது மாதிரி ஆகும் என்கிறார்களே?
– சேலம் வாசகர்

இடுக்கில் உள்ள அழுக்கு கொஞ்சம் வெளியேறும், சில நாள் தெளிவாக ஒலிக்கும். விலை கூடிய பேஸ் கிட்டார் கம்பிக்கு அவசரத்துக்குச் செய்வார்கள். ஃப்ரெட் பட்டுத் தேய்ந்த பள்ளம் கொதித்தாலும் போகாது. ஈரம் முழுக்கக் காயாமல் பூட்டினால் உட்கம்பி துருப்பிடிக்கும். ஆறு கம்பி செட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் பெரிய பெயருள்ள செட் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். பூட்டிய மறுநாளே சுருதி நிற்கவில்லை, வாரத்தில் துரு. போலி என்று நினைக்கிறேன். விற்றவர் ‘உறை பிரித்த பொருள், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்.
– சென்னை, ஆவடி வாசகர்

போலிக் கம்பி உண்மையிலேயே பெரிய பிரச்சினை. டாடாரியோ நிறுவனம் தன் பெயரில் போலிகள் சுற்றுவதாக வெளிப்படையாகவே எச்சரித்து, சரிபார்க்கும் வழியும் வைத்திருக்கிறது. உறைக்குள் ஒவ்வொரு செட்டுக்கும் தனிக் குறியீடு அச்சாகியிருக்கும். அதை நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் அசலா இல்லையா என்று தெரிந்துவிடும். நீங்கள் வாங்கியது அந்தப் பெயரானால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். வேறு நிறுவனமானால் உறையின் இருபக்கமும் குண்டு முனைகளும் தெரியும்படி படம் எடுத்து, அதன் இந்திய இறக்குமதியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் புகாருக்கு அதுவே பலமான ஆதாரம்.

கண்ணால் பார்த்தே சில விஷயங்கள் தெரியும். டாடாரியோ எலெக்ட்ரிக், அகூஸ்டிக் செட்டுகளில் ஆறு கம்பிகளின் குண்டுகளும் ஆறு நிறம்: மெல்லிய முதல் கம்பி வெள்ளி நிறம், அடுத்து ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, கடைசியில் பித்தளை நிறம். ஆறும் துருத் தடுப்புப் பை ஒன்றுக்குள் சுருண்டிருக்கும். அந்தப் பெயரில் வந்த செட்டில் எல்லாக் குண்டும் ஒரே பித்தளை நிறத்தில் இருந்தாலோ, ஒவ்வொரு கம்பியும் எண் போட்ட காகித உறையில் தனித்தனியாக வந்தாலோ சந்தேகப்பட வேண்டும். நிறம் சரியாக இருந்தால் அசல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். போலி செய்பவர்கள் நிறத்தையும் பார்த்துச் செய்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய சோதனை உறையின் பின்புறம். இந்தியாவில் முறையாக இறக்குமதியான எந்தப் பொட்டலத்திலும் இறக்குமதியாளர் பெயர், முகவரி, செய்த நாடு, மாதம்-வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு எண் இருந்தாக வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது இது. ஸ்டிக்கராக ஒட்டியிருந்தாலும் சரிதான். அந்த ஸ்டிக்கரே இல்லாத ‘இம்போர்ட்டட்’ கம்பி போலியாகவும் இருக்கலாம், வரி கட்டாமல் வந்த அசலாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் ஏதாவது குறை என்றால் நீங்கள் போய்க் கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த மாதம்-வருடம் இன்னொரு வகையிலும் உதவும்: காகித உறையில் மட்டும் வந்து பல வருடம் கடையில் தொங்கிய செட்டைக் கடலோர ஊர்களில் வாங்காமல் தவிர்க்கலாம். காற்றுப் புகாத பையில் உள்ளது வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இனி உங்கள் வழக்கு. ‘உறை பிரித்தாயிற்று’ என்ற பதில் செல்லாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. உறையைப் பிரிக்காமல் கம்பி போலி என்று யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாதே!

விற்பனையாளரோடு போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பில், விளம்பரப் பக்கத்தின் படம், உறை, குண்டுகள், துருப்பிடித்த இடம் எல்லாவற்றையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். கம்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சின்னத் தொகைப் புகார்கள் பல அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. சில நூறு ரூபாய்க்கு இவ்வளவா என்று தோன்றும். இவர்கள் இத்தனை தைரியமாக விற்பதே எல்லோரும் அப்படி நினைத்துச் சும்மா இருந்துவிடுவதால்தான்.

கேள்வி: அசல் செட்தான் வாங்கினேன். ஆனால் முதல் கம்பி ஒரே மாதத்தில் மூன்று முறை அறுந்தது. கம்பெனி மேல் புகார் செய்யலாமா?
– திருச்சி வாசகர்

அறுந்த கம்பியை எடுத்து எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். குண்டுக்குப் பக்கத்தில், முறுக்கு அவிழ்ந்து வந்திருந்தால் அது ஆலையின் தவறு. படத்தோடு நிறுவனத்துக்கோ இறக்குமதியாளருக்கோ எழுதுங்கள். நல்ல நிறுவனங்கள் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரும். பிரிட்ஜில் கம்பி வளையும் இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அறுந்தால் தவறு உங்கள் கிட்டாரில். அங்கே கூர்மையான பிசிறு இருக்கும். நைஸான உப்புக் காகிதத்தால் தேய்த்துவிட்டால் நின்றுவிடும். சுருதி முறுக்கும் கீயில் அறுந்தால் கம்பியைச் சுற்றிய விதத்தில் பிசகு, அல்லது ஒரு சுருதி மேலே ஏற்றிவிடுகிறீர்கள். மூன்று முறை என்கிறீர்கள், அநேகமாகப் பிரிட்ஜாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஐந்து கிட்டார். பட்ஜெட் குறைவு. மொத்தமாக வாங்கினால் குறையுமா?
– நாகர்கோவில் வாசகி

குறையும். பெரிய நிறுவனங்கள் மூன்று செட், பத்து செட் சேர்ந்த பெட்டிகளும் விற்கின்றன. ஒரு செட்டின் விலை அதில் இறங்கும். ஆனால் அதற்கு முன் ஐந்து கிட்டாருக்கும் ஒரே கேஜ், அதாவது ஒரே கம்பித் தடிமன், என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு கேஜ் என்றால் பெட்டி வாங்கிப் பயனில்லை.

உங்களுக்கு உண்மையில் மிச்சமாகும் இடம் தனிக் கம்பி. நிகழ்ச்சியில் அறுவது பெரும்பாலும் முதல் கம்பி, அடுத்தபடி இரண்டாவது. அந்த ஒன்றுக்காக முழு செட்டைப் பிரித்து மற்ற ஐந்தையும் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். தனிக் கம்பிகளை ஐந்து ஐந்தாகப் பொட்டலம் போட்டும் விற்கிறார்கள். செட் 11-இல் தொடங்கினால் 11 எண் தனிக் கம்பி ஐந்தும், செட்டின் இரண்டாவது கம்பி எண்ணில் ஐந்தும் வாங்கி வையுங்கள். மேலே சொன்னபடி இவை வெறும் உருக்கு என்பதால் செட் ஒரு நிறுவனம், தனிக் கம்பி வேறு நிறுவனம் என்றிருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கடையில் தொங்கவிட்டிருக்க மாட்டார்கள், உள்ளே இருக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இருப்பில் இல்லை என்றால் இறக்குமதியாளரிடம் சொல்லி வரவழைக்கச் சொல்லுங்கள்.

பில்லைக் குழுவின் பெயரில் வாங்கி, கம்பிகளைப் பிரிக்காத பையோடு அப்படியே டப்பாவில் வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் பிரித்த கம்பி கிறிஸ்துமஸ் வரை தாங்காது.